கணக்கில் வராத உடம்பு

எங்கள் காலனி போரிங்கில் வரும் தண்ணீரை எவர்சில்வர் சொம்பில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளைப் பீங்கான் கோப்பையில் பிடித்தால்தான் மஞ்சள் தெரியும். எங்கள் வீடுகளில் பீங்கான் கோப்பை கிடையாது. அதனால் அந்த மஞ்சளை நாங்கள் பார்த்ததே ரொம்பக் காலம் கழித்துத்தான்.

பழைய வடஆற்காட்டில், பாலாற்றுக்குக் கிட்டே இருக்கிறது எங்கள் சேரி. தோல்ஷாப்புகளுக்குச் சரக்கு செய்து கொடுத்துவிட்டுப் பிறகு பூட்டிப் போட்ட ஒரு சின்ன ரசாயனக் கம்பெனி, அதற்குப் பின்பக்கம் நாங்கள். ஊர் மேட்டில். நாங்கள் பள்ளத்தில். மழை பெய்தால் எல்லாத் தண்ணீரும் எங்களைத் தேடித்தான் வரும்.

2000-களின் தொடக்கத்தில் ஒருநாள் ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். கையில் வரைபடம். கம்பெனி மதிலுக்கு வெளியே மண்ணைத் தோண்டிப் பையில் கட்டிக்கொண்டார்கள். அதே மண்ணில் வெறுங்காலோடு நின்று என் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மண்ண எப்ப சார் எடுப்பீங்க?" என்று நான் கேட்டேன். வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒருவர் சொன்னார்: "இது இண்டஸ்ட்ரியல் லேண்டுப்பா. இங்க குடியிருப்புன்னே காட்டல. குடியிருப்பு இருந்தாத்தான் அந்த அளவு வேற."

அம்மா கேட்டாள்: "அப்ப நாங்க இன்னா சார், ஆடா மாடா?"

"நீ அந்தப் பக்கம் போம்மா" என்றார் அவர்.

அவர் சொன்னது பொய்யில்லை. கெட்டுப்போன நிலத்தை எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்கு உலகம் முழுவதும் ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் அவர் இரண்டு வரியில் சொன்னார். அந்த முறை எப்படி வந்தது, அதில் யாருடைய உடம்பு இருக்கிறது, யாருடைய உடம்பு இல்லை என்று தேடிப் படிக்க எனக்குப் பல வருஷம் ஆனது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

*

முதலில் நஞ்சு எங்களிடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தோல் தொழில் நாங்கள் கேட்டு வாங்கிய தொழில் இல்லை. செத்த மாட்டைத் தூக்கச் சொல்லிச் சாதி எங்கள் தோளில் ஏற்றியது. தோலில் நாற்றம் இருந்தவரை அது எங்கள் தொழில். தோலில் பணம் வந்தபோது முதலாளி வேறு ஆள், கூலி மட்டும் நாங்கள்.

என் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தினார்கள். சுண்ணாம்புக் குழியில் நின்றவன் காலில் புண் இருந்தது, நாற்றமும் இருந்தது. ஆனாலும் பட்டைக் கழிவு மக்கிப் போகும். 1970-களில் நிலைமை மாறியது. சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பச்சைத் தோலையும் அரைப்பதமான தோலையும் ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதப்படுத்திய தோல் வெளிநாடு போக வேண்டும், டாலர் உள்ளே வர வேண்டும் என்பது கொள்கை. பட்டையில் வாரக்கணக்கில் நடக்கும் வேலையைக் குரோம் உப்பு ஒருநாளில் முடித்துவிடும். அதனால் ஷாப்புக்கு ஷாப்பு குரோம் வந்தது.

குரோமியத்தில் இரண்டு வகையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தோலைப் பதப்படுத்துவது இணைதிறன் மூன்று உள்ள குரோமியம். அதன் நஞ்சு குறைவு. அதைத் தயாரிக்கிற கம்பெனிகளில் புழங்குவது இணைதிறன் ஆறு உள்ள குரோமியம். அது மஞ்சள். தண்ணீரில் சுலபமாகக் கரைந்து நிலத்துக்கடியில் ஓடும். தோலில் பட்டால் ஆறாத குழிப்புண் வரும். தூசியாக மூக்கில் ஏறினால் நடுத்தண்டு ஓட்டையாகும். வருஷக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலில் புற்றுநோய் தரும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

எங்கள் காலனியிலிருந்து தள்ளி, ராணிப்பேட்டை சிப்காட்டில், 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடிய ஒரு குரோமேட் தொழிற்சாலை, 2 லட்சம் டன்னுக்கும் மேலான கழிவைத் திறந்தவெளியில் மலையாகக் குவித்துவிட்டுப் போனது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம், உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையையும் சேர்த்தது. பட்டியலில் பெயர் வருவது வேறு, மண் அகலுவது வேறு.

*

1996 ஆகஸ்ட் 28-ல், வேலூர் மாவட்டத் தோல்ஷாப்புகள் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே கொடுக்க வேண்டும், ஆபத்து வரும் முன்னே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அறிவித்தது. உலகச் சட்டப் புத்தகங்களில் எல்லாம் இடம்பெற்ற தீர்ப்பு இது. இதையொட்டி அமைந்த ஆணையம் 15,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட விவசாய நிலம் கெட்டதாகக் கணக்கெடுத்து, 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று 2001-ல் தீர்மானித்தது.

நல்ல தீர்ப்புதான். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கு நிலத்துக்கு. கெட்டுப்போன ஏக்கரை அளந்தால், ஏக்கர் வைத்திருந்தவன் பெயர்தான் வரும். அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கு, அந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தவளுக்கு, விளைச்சல் நின்றபோது கூலி நின்றவளுக்கு ஏக்கர் எங்கே இருக்கிறது? எங்கள் தெருவில் பட்டா என்று சொல்லிக்கொள்ள ஒரு காகிதம் கிடையாது.

ஏன் கிடையாது என்பதும் வரலாறுதான். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் கைமாறி, கைமாறி யாரிடம் போனது என்று நாம் எல்லோரும் அறிவோம். அதைக் கேட்டு 1994-ல் காரணையில் போராடியபோது ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். நல்ல நிலத்தில் நமக்குப் பங்கில்லை. கெட்ட நிலத்தின் இழப்பீட்டிலும் பங்கில்லை. கெட்ட நிலத்தில் குடியிருப்பது மட்டும் நாம்.

*

இனி அந்த அளவுகோலுக்கு வருகிறேன். 1978-ல் அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில், லவ் கெனால் என்ற பகுதியில், 20,000 டன்னுக்கு மேல் ரசாயனக் கழிவு புதைத்த இடத்தில் வீடும் பள்ளிக்கூடமும் கட்டியிருந்தது வெளியே வந்தது. அந்தத் தெருப் பெண்கள் போராடினார்கள். 1980 டிசம்பரில் 'சூப்பர்ஃபண்ட்' என்று அழைக்கப்படும் சட்டம் வந்தது. அதே 1980-ல் நெதர்லாந்தின் லெக்கர்கெர்க் என்ற ஊரில் நச்சுப் பீப்பாய்கள் மேல் கட்டிய வீடுகளைக் காலி செய்தார்கள். எந்த நிலமானாலும் எந்த உபயோகத்துக்கும் ஏற்றதாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்று டச்சு அரசு முதலில் முடிவெடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தோண்டத் தோண்ட இடங்கள் கூடிக்கொண்டே போயின. பணம் போதவில்லை. 1990-களின் இறுதியில் அவர்களும், நிலம் எதற்குப் பயன்படுகிறதோ அதற்கேற்ற சுத்தம் போதும் என்று மாறினார்கள்.

இதுதான் அபாயக் கணக்கு. அதன் அடிப்படை எளிமையானது. நஞ்சு இருக்க வேண்டும், அது வரும் வழி இருக்க வேண்டும், அதை வாங்கிக்கொள்ளும் உடம்பு இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அபாயம். தண்ணீரில் எவ்வளவு நஞ்சு, ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறோம், வருஷத்தில் எத்தனை நாள், உடம்பின் எடை எவ்வளவு என்று பெருக்கி வகுத்தால் ஓர் எண் வரும். அந்த எண்ணை வைத்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் அளவு நிர்ணயிப்பார்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1991-ல் இந்தக் கணக்குக்கு ஒரு பொதுவான மனிதனை வகுத்துக் கொடுத்தது. எடை 70 கிலோ. ஒரு நாளில் 2 லிட்டர் தண்ணீர். வீட்டில் இருப்பது வருஷத்துக்கு 350 நாள், மீதி 15 நாள் அவன் வெளியூர் போய்விடுவான். தொழிற்சாலை நிலமென்றால் 250 நாள் மட்டும், ஏனென்றால் வேலை முடிந்து அவன் வீட்டுக்குப் போய்விடுவான். பிற்பாடு அவன் எடையை 80 கிலோவாகவும் தண்ணீரை இரண்டரை லிட்டராகவும் மாற்றிக்கொண்டார்கள்.

என் அம்மா 40 கிலோ இருந்தால் அதிகம். சித்திரை வெயிலில் களையெடுத்துவிட்டு வந்தால் 5 லிட்டர் குடிப்பாள். 70 கிலோ உடம்பில் 2 லிட்டர் என்றால் கிலோவுக்கு 29 மில்லிலிட்டர் சுமார். அம்மாவுக்கு 125. அதே போரிங், அதே தண்ணீர், ஆனால் கிலோவுக்கு நாலு மடங்குக்கும் மேல் நஞ்சு. இதில் இன்னும் வெறுங்கால் சேரவில்லை. மதிலோரம் பறித்த கீரை சேரவில்லை. அந்தப் புல்லை மேய்ந்த ஆட்டின் பால் சேரவில்லை. அவள் வெளியூர் போகாத 15 நாள் சேரவில்லை. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகிற மனிதனை வைத்துத் தொழிற்சாலை நிலத்துக்கு அளவு போட்டார்கள். வேலை முடிந்தாலும் அந்த நிலத்திலேயே இருக்கிறவள் என் அம்மா.

அம்மா இப்போது இல்லை. அந்தத் தண்ணீர்தான் அவளைக் கொன்றது என்று நான் எழுதமாட்டேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

*

நம் தோழர்கள் சிலர், "அபாயக் கணக்கே முதலாளிகளின் தந்திரம். கடைசித் துளி நஞ்சுவரை எடுக்கச் சொல்ல வேண்டும், அதற்குக் குறைந்து எதுவும் கூடாது" என்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் பேசினேன். இப்போது எனக்கு வேறு எண்ணம். கடைசித் துளிவரை என்று கேட்டால், செலவு அதிகம் என்று கோப்பை மூடிவைக்க அவர்களுக்கு வசதியாகிறது. எல்லா இடத்தையும் ஒரே மாதிரிக் கேட்டால், செல்வாக்கு உள்ளவன் இடம்தான் முதலில் சுத்தமாகும். எங்கே உடம்புக்கு ஆபத்து அதிகமோ அங்கே முதலில் போ என்று சொல்வதற்கு அபாயக் கணக்கைத் தவிர நம்மிடம் வேறு ஆயுதம் இல்லை. சண்டை அந்தக் கணக்கோடு அல்ல, அதற்குள்ளே நிற்கிற ஆளோடுதான்.

இதை நமக்கு முன்பே கறுப்பின மக்களும் பழங்குடி மக்களும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வட கரோலினாவில் நெடுஞ்சாலை ஓரங்களில் திருட்டுத்தனமாகக் கொட்டிய பி.சி.பி. என்ற நஞ்சு கலந்த மண்ணை வாரி, 1982-ல் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் இடத்தில் புதைத்தார்கள். சாலை சுத்தமாயிற்று, சேரி அழுக்காயிற்று. லாரிகளின் முன்னால் படுத்து 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1987-ல் ஐக்கிய கிறிஸ்து சபையின் இன நீதி ஆணையம், கழிவு எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பதில் நிறமே முதல் காரணம் என்று ஆய்ந்து சொன்னது. 1992-ல் ஒரு சட்டப் பத்திரிகை, வெள்ளையர் பகுதியைக் கெடுத்தவனுக்கு விதித்த அபராதம் கறுப்பர் முதலியோர் வாழும் பகுதியைக் கெடுத்தவனுக்கு விதித்ததைவிடப் பல மடங்கு என்று கணக்கோடு காட்டியது. 1994-ல் சுற்றுச்சூழல் நீதிக்கு என்று அதிபர் கிளிண்டன் ஓர் ஆணை பிறப்பித்தார். 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அதை ரத்து செய்துவிட்டார். ஆணையாக மட்டும் கிடைப்பது ஒரு கையெழுத்தில் போய்விடும்.

இன்னொரு கதை எனக்குப் பிடித்தமானது. ஆற்று நீரின் தரத்தை நிர்ணயிக்க, ஒரு மனிதன் ஒரு நாளில் 6.5 கிராம் மீன் தின்கிறான் என்று அமெரிக்க அரசு வைத்திருந்தது. கொலம்பியா ஆற்றங்கரைப் பழங்குடிகள் மீனே சோறாக வாழ்பவர்கள். அவர்களுடைய நான்கு இன மக்களின் அமைப்பு மக்களிடம் நேரில் கேட்டு 1994-ல் அறிக்கை வெளியிட்டது. பெரியவர்கள் சராசரியாக ஒரு நாளில் 58.7 கிராம் தின்கிறார்கள் என்று அதில் இருந்தது. அரசு வைத்திருந்ததைப் போல ஒன்பது மடங்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாதாடினார்கள். 2011-ல் ஆரிகன் மாநிலம் தன் கணக்கை 175 கிராமாக உயர்த்தியது. நீரில் அனுமதிக்கும் நஞ்சின் அளவு அதற்கேற்பக் குறைந்தது. சூத்திரம் மாறவில்லை. அதற்குள்ளே இருந்த ஆள் மாறினான்.

நம் பக்கத்தில் கொடைக்கானலைப் பாருங்கள். யூனிலீவர் நிறுவனத்தின் இந்தியக் கம்பெனியுடைய தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடிய பிறகு, அங்கே மண்ணில் கிடந்த பாதரசத்தை எந்த அளவுக்கு எடுக்க வேண்டும் என்பதிலேயே வருஷங்கள் போயின. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்று முடிவானது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2009-ல் வீட்டு நிலத்துக்குச் சொன்ன வழிகாட்டு அளவு, தனிமப் பாதரசத்துக்கு 1. உப்பு வடிவிலான பாதரசத்துக்கு 170. ஒரே உலோகம், வடிவம் மாறினால் எண் இவ்வளவு மாறுகிறது. அப்படியானால் எந்த வடிவம் இருக்கிறது, யார் சுவாசிக்கிறார்கள், யார் முடிவு செய்தார்கள் என்று கேட்பது மக்களின் உரிமை. எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அது எப்படி வந்தது என்று காட்டாதவன், ஒளிக்க ஏதோ வைத்திருக்கிறான்.

*

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை முதல்முறையாக அறிவித்தது. அதுவரை நாட்டில் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. சுத்தப்படுத்தும் வேலை தொடங்கியது ஏழில் மட்டும். இந்த விதிகளின்படி சந்தேகத்துக்குரிய இடத்தை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ தெரிவிக்க வேண்டும். 90 நாளில் முதல் ஆய்வு, அதன்பின் மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. கெடுத்தவனைக் கண்டுபிடித்துச் செலவை வாங்க வேண்டும். வரவேற்கத்தக்கதுதான். ஆனால் எல்லாம் முடிந்து மண் எப்போது சுத்தமாக வேண்டும் என்பதற்குக் கெடு இல்லை. 2025 ஜனவரி 30-ல் அதே வேலூர்த் தோல்ஷாப்பு விவகாரத்தில் உச்சநீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. 1996-க்கும் அதற்கும் இடையே 28 வருஷம். கெடு இல்லாத விதி என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பாலாறே சாட்சி.

நியாயமான விதி என்றால் எங்களுக்கு நாலு விஷயம் வேண்டும். நிலத்தின் வகையை ஆவணத்தில் பார்க்காதே, அங்கே இரவில் யார் தூங்குகிறார்கள் என்று பார். 70 கிலோ ஆளை விட்டுவிட்டு, அந்த இடத்திலேயே ஆபத்து அதிகமுள்ள உடம்பை வைத்துக் கணக்குப் போடு. பட்டா இல்லாதவளுக்கும் இழப்பீடு கொடு, அவளுக்கு நிலம் இல்லாவிட்டாலும் ரத்தம் இருக்கிறது. வாரிய மண்ணை இன்னொரு சேரி ஓரத்தில் கொட்டாதே.

1927-ல் மகாடு குளத்தில் அம்பேத்கர் கையள்ளிக் குடித்தது நல்ல தண்ணீருக்கான உரிமைக்காக. அன்று குளத்துக்குப் போகாதே என்றார்கள். இன்று போரிங்கைத் தெருவிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதில் என்ன வருகிறது என்று கேட்பதும் அதே உரிமைதான்.

போன கோடையில் எங்கள் காலனியில் ஒரு நோட்டுப் போட்டோம். ரேஷன் கடைத் தராசில் நின்று எடை எழுதினோம். யார் எத்தனை சொம்பு குடிக்கிறார்கள், யார் செருப்பில்லாமல் போகிறார்கள், எந்தக் கீரை எங்கே பறிக்கிறார்கள் என்று வீட்டுக்கு வீடு கேட்டோம். "இத்த எழுதி இன்னா ஆவப்போவுது?" என்று கேட்ட கிழவிகளே பிறகு கூப்பிட்டு விட்டுப்போனதைச் சொன்னார்கள். காலனி வீடுகளை எல்லாம் போட்டு ஒரு வரைபடமும் வரைந்தோம். என் தங்கச்சி மகள்தான் வரைந்தாள். கிராமசபையில் மனுவோடு அவளே எழுந்து கொடுத்தாள்.

"எடையெல்லாம் எதுக்கும்மா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார் வாங்கியவர்.

"மேப்புல எங்களக் காட்டலன்னு எங்க ஆயாகிட்ட சொன்னாங்க சார். அதான் காட்டறோம்" என்றாள்.